ஃபிரா கோடா, ஜெட்பிரெயின்ஸ் மோனோவா? கண் கலங்குகிறது என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியில் உள்ளவை இவை: அலுவலகத்தில் 24 அங்குல மானிட்டர், வீட்டில் 15.6 அங்குல லேப்டாப், இரண்டும் ஃபுல் எச்டி, இரண்டிலும் விண்டோஸ், நிரல் எழுத விஎஸ் கோட் எடிட்டர். நாள் முழுக்கப் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் எழுதுகிறீர்கள். சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது, எழுத்து கலங்குகிறது. எழுத்துருவை ஃபிரா கோடுக்கு மாற்றலாமா, ஜெட்பிரெயின்ஸ் மோனோவுக்கா, இல்லை காசு கொடுத்தே ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். தமிழில் கமென்ட் எழுதினால் வரிகள் கோணிப்போகின்றன என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பெயரைக் கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது எழுத்துருவை மாற்றினால் இந்தக் களைப்பு குறையுமா என்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சில ஆண்டுகள் எழுத்துரு தயாரிக்கும் வேலையில் இருந்தவன். சின்ன அளவில் எழுத்து திரையில் சிதையாமல் நிற்க வைக்கும் 'ஹின்டிங்' என்கிற வேலை என்னுடையது. அப்புறம் இன்றுவரை நிரல் எழுதித்தான் பிழைப்பு. கண் மருத்துவம் எனக்குத் தெரியாது. அதனால் எரிச்சலை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, அதனால் கண் காய்கிறது. இது பல ஆய்வுகளில் கண்ட விஷயம். ஏசி நேரே முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். இதற்கு எந்த எழுத்துருவும் மருந்தில்லை. வயது நாற்பதைத் தொடுகிறது என்றால் வெள்ளெழுத்தும் இருக்கலாம். கண்ணாடிப் பவரைச் சோதித்துவிட்டு வாருங்கள். எழுத்து கலங்குவது மட்டும் வேறு கதை. அதில் எழுத்துருவுக்கும், அதைவிட அதிகமாக அது திரையில் எப்படி வரையப்படுகிறது என்பதற்கும் பங்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு. எழுத்துரு பற்றிய பேச்சுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், ஆய்வில் மிக உறுதியாக நிற்பதும் இதுதான். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக், லூசிடா எழுத்துருக்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான சார்லஸ் பிகலோ, இருவரும் 2011இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எழுத்தின் அளவு ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேலே இருக்கும்வரை வாசிக்கும் வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை. அதற்குக் கீழே போனால் சடசடவென்று விழுகிறது. நல்ல பார்வை உள்ளவருக்கு அந்தக் கீழ் எல்லை சுமார் 0.2 டிகிரி. அதாவது ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்தின் உயரம் உங்கள் கண்ணில் அந்தக் கோணத்தைப் பிடிக்க வேண்டும். கணக்கு சுலபம்: கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை 0.0035ஆல் பெருக்குங்கள். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 2.1 மில்லிமீட்டர். 50 சென்டிமீட்டர் என்றால் 1.75.

இப்போது உங்கள் இரண்டு திரைகளுக்கும் இதைப் போட்டுப் பார்ப்போம். 24 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு பிக்சல் சுமார் 0.277 மில்லிமீட்டர். விஎஸ் கோட் விண்டோஸில் இயல்பாக வைக்கும் அளவு 14 பிக்சல். ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் சிறிய எக்ஸின் உயரம் எழுத்துரு அளவில் 55 சதவீதம். ஆக 14இல் 7.7 பிக்சல், 2.13 மில்லிமீட்டர். எல்லையை ஒட்டி நிற்கிறது. அதே 14இல் விண்டோஸோடு வரும் கன்சோலாஸ் எழுத்துருவைப் போட்டால், அதன் எக்ஸ் உயரம் பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால், இரண்டு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. லேப்டாப்பில் பிக்சல் 0.18 மில்லிமீட்டர்தான். ஸ்கேலிங், அதாவது திரையில் எல்லாவற்றையும் விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டும் விகிதம், 100 சதவீதத்தில் இருந்தால் ஜெட்பிரெயின்ஸ் மோனோகூட 1.4 மில்லிமீட்டருக்கு வந்துவிடும்; அரை மீட்டர் தூரத்துக்கு இது போதாது. 125 சதவீதம் வைத்தால் 1.73, அதாவது மறுபடியும் எல்லையின் விளிம்பு. நாள் முழுக்க விளிம்பில் நின்று வாசிப்பவருக்குச் சாயங்காலம் எழுத்து கலங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எல்லையைவிடக் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பழக்கத்திலிருந்து சொல்லும் அளவு, ஆய்வில் எடுத்ததல்ல. ஜெட்பிரெயின்ஸ் மோனோ என்றால் மானிட்டரில் அது 17 அளவில் வரும். லேப்டாப்பில் 125 சதவீத ஸ்கேலிங்கோடு 17 அல்லது 18. முதல் நாள் குழந்தைகள் புத்தகம் மாதிரித் தெரியும், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். நிறையப் பேர் சின்ன எழுத்து வைப்பதை ஒரு கெத்தாகவே நினைக்கிறார்கள், ஒரே திரையில் 90 வரி தெரிகிறது என்று. தெரியும் வரிகளில் பாதியைக் கண் வாசிக்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம்.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. இரண்டு எழுத்துருக்களை 14க்கு 14 வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. 8ஆம் நம்பர் செருப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருப்பது போலத்தான் இதுவும். அந்த எண் எழுத்தின் அளவல்ல, எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அளவு. பெட்டிக்குள் எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைப்பாளர் முடிவு. "ஜெட்பிரெயின்ஸ் மோனோ போட்டதும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது" என்று சொல்பவர்களில் கணிசமானவர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டவர்கள் என்று சந்தேகிக்கிறேன். பழைய எழுத்துருவிலேயே அளவை இரண்டு கூட்டியிருந்தால் அதே இதம் வந்திருக்கலாம். ஒப்பிட வேண்டுமானால் எக்ஸ் உயரம் சமமாக வரும்படி அளவை மாற்றி வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். திரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே போதும்.

அடுத்தது, திரையில் எழுத்து எப்படி வரையப்படுகிறது என்பது. ஃபுல் எச்டி மானிட்டரில் ஒரு எழுத்தின் செங்குத்துக் கோடு ஒன்றரை பிக்சல் தடிமன்தான் வரும். அந்த அரைப் பிக்சலை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. விண்டோஸின் கிளியர்டைப், ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்திக் கிடைமட்டத்தில் நுணுக்கத்தைக் கூட்டுகிறது. லூகாஸ் டி குரூட் வரைந்த கன்சோலாஸ் இந்த முறையை நம்பியே உருவாக்கப்பட்டு 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அதனால்தான் சாதாரண விண்டோஸ் மானிட்டரில் அது இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. கிளியர்டைப்பை அணைத்தால் சோர்ந்துவிடுகிறது. நீங்கள் எந்த எழுத்துருவை எடுத்தாலும், ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடி அந்தச் சரிபார்ப்பை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இரண்டு திரை இருந்தால் இரண்டுக்கும். ஓஎல்இடி மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பல ஓஎல்இடி திரைகளில் வண்ணக் கீற்றுகள் வேறு வரிசையில் இருப்பதால் எழுத்தோரத்தில் வண்ணம் கசியும். அதை எழுத்துருவின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. ஆப்பிள் 2018இல் மொஹாவி பதிப்போடு இந்த முறையைக் கைவிட்டது. அங்கே ரெட்டினா என்கிற அடர்த்தியான திரை இருந்தால் எதுவும் அழகாகத் தெரியும், பழைய மானிட்டரை இணைத்தால் எல்லாமே கொஞ்சம் மங்கும்.

தவிர்க்க வேண்டியது ஒன்று மட்டும் சொல்லச் சொன்னால் கூரியர் நியூவைச் சொல்வேன். மூல கூரியரை ஐபிஎம் நிறுவனத்துக்காக 1950களில் ஹோவர்ட் கெட்லர் வரைந்தார், தட்டச்சுப் பொறிக்காக. தட்டச்சில் ரிப்பன் மை தாளில் பரவி எழுத்தைத் தடிக்க வைக்கும் என்பதால் பொறியில் உள்ள எழுத்தச்சில் கோடு மெல்லியதாகவே இருக்கும். கணினிக்குக் கொண்டுவந்தபோது அந்த மெல்லிய கோடே எண்மமாகி, 1992இல் விண்டோஸ் 3.1உடன் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. திரையில் பரவ மை இல்லை. அதனால் அது நோஞ்சானாகவே நிற்கிறது. எக்ஸ் உயரமும் குறைவு, சுழியத்துக்குள் புள்ளியோ கோடோ கிடையாது. திரைக்கதை எழுதுபவர்களுக்கு விட்டுவிடலாம்.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெட்பிரெயின்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் புரோ, ஃபிரா கோட் எல்லாவற்றிலும் பல தடிமன்கள் உண்டு. அடர்த்தி குறைந்த திரையில் ரெகுலர் மெலிதாகத் தெரிந்தால் மீடியம் வைத்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணி வைத்திருந்தால் எழுத்து தானாகவே சற்றுத் தடித்துத் தெரியும், அப்போது ரெகுலரே போதும். பின்னணியைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: வெளிச்சப் பின்னணியில் கறுப்பெழுத்துதான் கூர்மையாக வாசிக்க உதவுகிறது என்று டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டியிருக்கிறார்கள், இளைஞர், முதியவர் இரு தரப்பிலும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் கூர்மை கூடுகிறது என்பது விளக்கம். ஆனால் கூர்மை வேறு, இதம் வேறு. இருட்டறையில் உட்கார்ந்து வெள்ளைத் திரையை முறைத்துக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போகிறது.

இனி எழுத்து வடிவங்கள். நாவல் வாசிக்கும்போது ஓர் எழுத்து தெளிவில்லாவிட்டாலும் சொல்லை வைத்து மனம் ஊகித்துவிடும். நிரலில் அந்த வசதி இல்லை. ஒரு மாறியின் பெயரில் இருப்பது சிறிய 'எல்' எழுத்தா, எண் 1ஆ என்பதை ஊகிக்க முடியாது. ஆகவே எந்த எழுத்துருவை எடுத்தாலும் ஒரு காலிக் கோப்பைத் திறந்து இவற்றை அடுத்தடுத்து அடித்துப் பாருங்கள்: எண் 0, பெரிய ஓ, சிறிய ஓ, எண் 1, சிறிய எல், பெரிய ஐ, செங்குத்துக் கோடு |, 5உம் பெரிய எஸ்ஸும், 8உம் பெரிய பியும், சிறிய ஆர், என் இரண்டையும் ஒட்டி அடித்தால் எம் மாதிரித் தெரிகிறதா என்பது. அப்புறம் குறிகள்: ( { [ மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி நிற்கின்றனவா, . , : ; நான்கும் சின்ன அளவில் பிரிந்து தெரிகின்றனவா, - ~ = இவற்றில் ~ வளைகிறதா அல்லது நேர்கோடாகத் தட்டையாகிவிடுகிறதா. இதை நீங்கள் வேலை செய்யும் அதே அளவில், அதே தூரத்தில், முடிந்தால் சாயங்காலம் செய்யுங்கள். எழுத்துரு விற்பவர்களின் வலைப்பக்கத்தில் 40 அளவில் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும்.

சுழியத்தில் கன்சோலாஸ் சாய்கோடு போடுகிறது, சோர்ஸ் கோட் புரோ நடுவில் புள்ளி வைக்கிறது. எது மேல் என்று சண்டை நடக்கும். சின்ன அளவில் புள்ளிச் சுழியம் 8 மாதிரி அடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், சாய்கோட்டுச் சுழியம் ஒரு கறுப்புப் பொட்டாக ஆவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் திரையில் எது அடைக்காமல் நிற்கிறதோ அது நல்லது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மேற்கோள் குறிகள். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ யாராவது அனுப்பிய நிரலை ஒட்டினால் நேர்க்குறி " என்பது வளைந்த “ ” ஆகிவிட்டிருக்கும், பைத்தான் கத்தும். இரண்டுக்கும் பளிச்சென்று வேறுபாடு காட்டும் எழுத்துரு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எழுத்துருவால் தீராத குழப்பமும் உண்டு. ரஷ்ய எழுத்து வரிசையின் 'அ'வும் ஆங்கிலச் சிறிய ஏயும் கிட்டத்தட்ட எல்லா எழுத்துருவிலும் ஒரே வடிவம்தான். தமிழ் விசைப்பலகைகள் சில சமயம் நடுவில் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறிகளையும் எந்த எழுத்துருவும் காட்டாது. அது எடிட்டரின் வேலை. விஎஸ் கோட் இவற்றைக் கட்டம் கட்டிக் காட்டுகிறது. அந்த எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்துவிடாதீர்கள்.

அகலத்துக்கு வருவோம். நிரலுக்குப் பயன்படுத்துவது மோனோஸ்பேஸ், அதாவது எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துரு. பெரும்பாலான மோனோஸ்பேஸ் எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் அகலம் அளவில் 0.6 பங்கு. கூரியர், சோர்ஸ் கோட் புரோ, ஃபிரா மோனோ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ, ஜெட்பிரெயின்ஸ் மோனோ எல்லாம் இந்தக் குடும்பம். கன்சோலாஸ் 0.55. இன்கன்சோலாட்டா, உபுண்டு மோனோ, அயோசெவ்கா 0.5. கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் லேப்டாப்பில் இதுதான் தீர்மானிக்கும். 125 சதவீத ஸ்கேலிங்கில் உங்கள் திரை 1536 பிக்சல் அகலம். இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால் ஆளுக்கு 768. 16 அளவில் 0.6 எழுத்துரு 80 எழுத்துக்கே சரியாக 768ஐயும் விழுங்கிவிடும், வரி எண்ணுக்கும் சைடுபாருக்கும் இடமில்லை. 0.5 எழுத்துரு 640இல் முடிந்துவிடும். பைத்தானின் நடை விதி 79 எழுத்துக்கு மேல் வரி போகக் கூடாது என்கிறது. அந்த எண்பதே 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளையட்டையின் எண்பது நெடுவரிசைகளிலிருந்து வழிவழியாக வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

அகலம் குறைந்த எழுத்துருவுக்கு விலையும் உண்டு. அயோசெவ்காவை 18இலும் ஜெட்பிரெயின்ஸ் மோனோவை 15இலும் வைத்தால் இரண்டும் ஓர் எழுத்துக்கு ஒரே 9 பிக்சல். அயோசெவ்காவில் எழுத்து உயரமாகக் கிடைக்கும், ஆனால் நெருக்கமாக நிற்கும். எம், டபிள்யூ இரண்டும் மூச்சுத் திணறும். இது சிலருக்குப் பிடிக்கும், எனக்கு ஒத்துவரவில்லை. எந்த மோனோஸ்பேஸிலும் இருக்கும் சிக்கல்தான் இது: ஐயும் எம்மும் ஒரே அளவு அறையில் வாழ வேண்டும். கிட்ஹப் 2023இல் வெளியிட்ட மோனாஸ்பேஸ் எழுத்துருக்களில் இதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழி செய்திருக்கிறார்கள். பக்கத்தில் ஐ போன்ற ஒல்லியான எழுத்து இருந்தால் எம் அதன் அறையில் கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளும், எழுத்துகளின் நேர்வரிசை மாறாது. நன்றாக வேலை செய்கிறது.

வரி இடைவெளியை யாரும் தொடுவதில்லை. விஎஸ் கோட் விண்டோஸில் எழுத்து அளவில் சுமார் 1.35 மடங்கு வைக்கிறது. ஜெட்பிரெயின்ஸ் மோனோ மாதிரி எக்ஸ் உயரம் கூடியவற்றுக்கு இது நெருக்கம். 1.5 வைத்துப் பாருங்கள். எழுத்துருவை மாற்றுவதைவிட இந்த ஒரு மாற்றத்தில் அதிக வித்தியாசம் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இனி ஃபிரா கோட். ஃபயர்ஃபாக்ஸ் மொபைல் இயங்குதளத்துக்காக மொசில்லா செய்வித்த ஃபிரா மோனோவின் மேல், நிகிதா புரோகோபோவ் லிகேச்சர்களை, அதாவது இணைந்த வடிவங்களை, சேர்த்துச் செய்தது அது. -> என்று அடித்தால் ஒரே அம்பாகத் தெரியும், != என்பது குறுக்கே வெட்டிய சமக்குறியாகத் தெரியும். கோப்பில் எதுவும் மாறுவதில்லை, திரையில் வரையும்போது மட்டும் இரண்டு வடிவங்களுக்குப் பதில் ஒன்று போடப்படுகிறது. க என்ற எழுத்தையும் உகரக் குறியையும் சேர்த்து 'கு' என்று வரைவதற்குப் பயன்படுகிற, எழுத்துருக் கோப்புக்குள்ளேயே இருக்கும் அதே ஓப்பன்டைப் ஏற்பாடுதான் இதற்கும். வித்தியாசம் என்னவென்றால், 'கு' எப்போதும் 'கு'தான்; != எல்லா இடத்திலும் 'சமமில்லை' அல்ல. எழுத்துருவுக்கு நிரல் மொழி தெரியாது. ஒரு மேற்கோளுக்குள் வெறும் எழுத்தாக வந்தாலும், வேறொரு மொழியில் வேறு பொருளில் வந்தாலும் அது இணைத்துத்தான் காட்டும்.

லிகேச்சரால் வாசிப்பு வேகமாகிறது என்பதை நான் நம்பவில்லை. கெடுகிறது என்றும் அடித்துச் சொல்லமாட்டேன். இது ருசி. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் ==, === இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு அன்றாடத் தேவை. அதை இரட்டைக்கோடா மூன்றுகோடா என்று எண்ணிப் பார்க்கும்படி ஆக்குவது எனக்கு வசதியாகப் படவில்லை. புதியவர்களுக்குத் திரையைப் பகிர்ந்து சொல்லிக்கொடுக்கும்போது கட்டாயம் அணைத்துவிடுங்கள். அந்த அம்பை விசைப்பலகையில் எங்கே தேடுவது என்று கேட்பார்கள், கேட்பது நியாயம். விஎஸ் கோடில் லிகேச்சர் இயல்பாக அணைந்தே இருக்கிறது, நீங்களாகப் போட்டால்தான் வரும். மைக்ரோசாஃப்டின் கேஸ்கேடியா கோட் வேண்டும், லிகேச்சர் வேண்டாம் என்றால் கேஸ்கேடியா மோனோ என்றே தனியாக உண்டு.

தமிழ் கமென்ட் விஷயம். உங்கள் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால் தமிழெழுத்து வந்ததும் விண்டோஸ் அதைத் தன் நிர்மலா யூஐ எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடுகிறது. அது மோனோஸ்பேஸ் அல்ல, ஆகவே நேர்வரிசை உடைகிறது. தமிழை எழுத்துக்கு ஓர் அறை என்று அடைப்பதே கஷ்டம். 'ண'வையும் 'ர'வையும் ஒரே அகலத்தில் வரைந்தால் ஒன்று நசுங்கும், இன்னொன்று தனித்து நிற்கும். 'மொ' என்பதில் ஒரு குறியே எழுத்தின் இரண்டு பக்கமும் உட்காருகிறது. யூனிகோடில் உயிர்க்குறிகள் தனியாக எண்ணப்படுவதால், பைத்தானில் 'மொழி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 4 என்கிறது, கண்ணுக்குத் தெரிவதோ இரண்டெழுத்து. தமிழ்ப் பெயர்களை இடைவெளி நிரப்பி டெர்மினலில் அட்டவணையாக அச்சிட்டால் எந்த எழுத்துரு வைத்தாலும் கோணத்தான் செய்யும். அதை எச்டிஎம்எல்லிலோ விரிதாளிலோ போட்டுவிடுங்கள். வரியின் முடிவில் வரும் கமென்ட்டைத் தனி வரியாக மேலே எழுதினால் எடிட்டரில் கோணல் பிரச்சினை பெரும்பாலும் மறைந்துவிடும்.

எடிட்டரில் தமிழ் நன்றாகத் தெரிய, எழுத்துருப் பட்டியலில் முதலில் உங்கள் மோனோஸ்பேஸ், காற்புள்ளி, அப்புறம் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது உங்களுக்குப் பிடித்த வேறொன்று என்று எழுதுங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள். பல தமிழ் எழுத்துருக்களில் ஆங்கிலமும் இருக்கும். அதை முதலில் போட்டால் நிரல் முழுக்க அந்த ஆங்கிலத்தில் வந்து, எல்லா வரியும் கோணிவிடும். ஒரே அளவில் தமிழ் பெரிதாகவும் தடித்தும் தெரியும், மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் பக்கத்து வரியை உரசும். அதனால் தமிழ் அதிகம் எழுதுபவர் வரி இடைவெளியை 1.6 வரை கொண்டுபோகலாம்.

காசு கொடுத்து வாங்குவதா? விலைக்கு விற்கும் எழுத்துருக்களில் ஆபரேட்டர் மோனோவின் கையெழுத்து மாதிரியான சாய்வெழுத்தும், பிரக்மாட்டா புரோவின் நெருக்கமான ஒழுங்கும் உழைப்பால் வந்தவை, அந்த விலைக்குத் தகுதியானவை. ஆனால் கண் களைப்புக்காக வாங்கினால் ஏமாறுவீர்கள். சோர்ஸ் கோட் புரோ, ஜெட்பிரெயின்ஸ் மோனோ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ எல்லாமே கட்டற்ற உரிமத்தில் இலவசம். தெளிவில் காசுள்ளவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இந்த வாரம் எதையும் நிறுவமாட்டேன். ஏற்கெனவே இருக்கும் கன்சோலாஸையே மானிட்டரில் 19க்கு ஏற்றி, வரி இடைவெளியை 1.5 ஆக்கி, கிளியர்டைப் சரிபார்த்து நான்கைந்து நாள் ஓட்டுவேன். கலங்கல் குறைந்தால் வேலை முடிந்தது. எழுத்து ஒல்லியாக இருக்கிறது என்று பட்டால் ஜெட்பிரெயின்ஸ் மோனோ, 17இல், லிகேச்சர் இல்லாமல். லேப்டாப்பில் இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்றால் அங்கே மட்டும் இன்கன்சோலாட்டா அல்லது அயோசெவ்கா. இரண்டு கணினியிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்படியும் லேப்டாப்பில் கலங்கினால், ஸ்கேலிங் எத்தனை சதவீதம், திரைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள்; அந்த இரண்டு எண் இருந்தால் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.